கடுகை ஒண்ணொண்ணா வாங்காதீங்க! – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லேப்டாப் ஸ்லோ ஆகறதைப் பத்தி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டர்ல பாதிக்கு மேல லேப்டாப்பே இல்ல, காலேஜ்ல எல்லாரும் சேர்ந்து யூஸ் பண்ற பெரிய மெஷினைப் பத்திதான், அதாங்க கிளஸ்டர். ஃபைல் காணோம், ஃபைல் போகல, இடம் பத்தல, அட்மின் திட்டறாரு, இதேதான். சரின்னு இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். லேப்டாப்காரங்க ஒரு மாசம் பொறுத்துக்கங்க.

கேள்வி: அம்மா, என் பொண்ணு பி.எச்டி பண்றா. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணி "அப்பா, கோட்டா ஃபுல் ஆயிடுச்சு, எல்லா ஜாபும் செத்துப்போச்சு"ன்னு அழறா. எனக்குத் தெரிஞ்ச கோட்டா ரெண்டுதான், ஒண்ணு ரயில்வே எமர்ஜென்சி கோட்டா, இன்னொண்ணு காலேஜ் அட்மிஷன் கோட்டா. இது என்ன கோட்டா? நான் ஏதாவது பணம் கட்டணுமா?
– ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், கும்பகோணம்

பதில்: ஐயா, பணம் எல்லாம் கட்ட வேணாம், நிம்மதியா தூங்குங்க. கோட்டான்னா ஒருத்தருக்கு இவ்வளவு இடம்தான்னு வெச்சிருக்கற அளவு, ஜாப்னா அந்த மெஷின்ல ஓட விடற வேலை. ஒரு கல்யாண மண்டபத்து சமையல்கட்டை நினைச்சுக்கங்க. பத்து கோட்டை அடுப்பு வரிசையா எரியுது, அந்த அடுப்புதான் கம்ப்யூட்டர் நோடு, இந்த மாதிரி நூத்துக்கணக்குல ஒண்ணா கட்டி வெச்சிருக்கறதுக்குப் பேரு கிளஸ்டர். உங்க பக்கத்துலயே திருச்சி என்ஐடில 2022ல ஒண்ணு திறந்தாங்க, 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு போடும், நீங்க கணக்கு வாத்தியார்ங்கறதால சொல்றேன். பேரு பரம் பொருள். மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் காரங்க 1991லேர்ந்து அவங்க மெஷினுக்குப் பெரும்பாலும் 'பரம்'னுதான் பேரு வெக்கிறாங்க, அதுகூட 'பொருள்' சேர்த்ததும் சாமி பேரே வந்துடுச்சு பாருங்க, யாரு யோசிச்சாங்களோ அவங்க கைக்கு ஒரு மோதிரம் போடலாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். சமையல்கட்டுல ஒவ்வொரு சமையல்காரருக்கும் ஆணியில மாட்ட ஒரு பை இருக்கும்ல, கத்தி, கணக்கு நோட்டு, வெத்தலைப் பொட்டி எல்லாம் அதுல. கிளஸ்டர்ல அதுதான் 'ஹோம்'. சின்னதுதான், பத்திரமானது, பல இடத்துல பேக்கப்பும் எடுப்பாங்க. அப்புறம் காய் நறுக்கற தாழ்வாரம், பெருசா இருக்கும், யாரு வேணா நிறையவே பரப்பிக்கலாம், ஆனா பந்தி முடிஞ்சதும் கூட்டித் தள்ளிடுவாங்க. அதுதான் 'ஸ்கிராட்ச்'. இதுக்கு நடுவுல ஒரு குரூப்புக்குன்னு ஒதுக்கின அலமாரி இருக்கும், அது 'ப்ராஜெக்ட்' ஃபோல்டர். பின்னாடி கொடவுன் மாதிரி டேப் ஆர்க்கைவ், காந்த நாடாவுல ரொம்ப நாளைக்குப் போட்டு வெக்கற இடம். எந்தப் பொருளை எங்க வெக்கணும்னு தெரிஞ்சாலே பாதிப் பிரச்னை தீர்ந்துச்சு. உங்க பொண்ணு மூட்டை அரிசியைக் கொண்டுபோய் ஆணியில மாட்டின பைக்குள்ள திணிச்சிருக்கா, அவ்வளவுதான் நடந்திருக்கு. அமெரிக்காவுல நெர்ஸ்க்னு எவ்வளவு பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் சென்டர், அங்கயே ஹோமுக்கு 40 ஜிபிதான் குடுக்கறாங்க.

பெரும்பாலும் அவளே தெரிஞ்சு போட்டிருக்க மாட்டா. பேர்ல முதல்ல புள்ளி வர்ற ஃபோல்டர் சாதாரணமா லிஸ்ட்ல தெரியாது, கோண்டா, பிப், ஹக்கிங்ஃபேஸ் மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் டவுன்லோடு பண்றதை சத்தமில்லாம ஹோமுக்குள்ள புள்ளி-கேஷ், புள்ளி-கோண்டான்னு ஒளிஞ்சிருக்கற இடத்துல கொட்டிட்டே இருக்கும். ஒரு ஏஐ மாடல் இறக்கினாலே பத்து பதினஞ்சு ஜிபி போயிடும். அவகிட்ட இப்படி சொல்லுங்க: ஹோம்ல எது எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு 'டியூ' கமாண்ட் போட்டு ஒரே ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, கேஷை, அதாவது இப்படி ஒளிஞ்சு சேர்ந்து கிடக்கறதை அழிச்சிட்டு, அது இனிமே ஸ்கிராட்ச்சுக்கோ ப்ராஜெக்டுக்கோ போற மாதிரி செட்டிங் மாத்தச் சொல்லுங்க, ஹக்கிங்ஃபேஸுக்கு எச்எஃப் ஹோம்னு ஒரு வேரியபிள் இருக்கு, அதை மாத்தினா போதும். இன்னொண்ணு, கோட்டாங்கறது ஜிபி மட்டும் இல்ல, எத்தனை ஃபைல்ங்கறதுக்கும் தனியா ஒரு லிமிட் இருக்கும். இடம் நிறைய காலியா இருக்கும், ஆனா ஃபுல்னு சொல்லும், பசங்க குழம்பிப் போவாங்க. அது ஏன்னு அடுத்த பதில்ல இருக்கு, அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு பொண்ணுக்கு அனுப்புங்க.

கேள்வி: அக்கா, நான் படத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கற மாடல் ட்ரெயின் பண்றேன். இமேஜ்நெட்ங்கற படத் தொகுப்புதான், மொத்தமே 140 ஜிபி பக்கம். பக்கத்து சீட்டு அண்ணன் 6 டிபி வெச்சிருக்காரு, அவரை யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு மட்டும் "ஃபைல் சிஸ்டத்தையே நிறுத்திட்டீங்க"ன்னு அட்மின் மெயில் போட்டு ஜாபை கேன்சல் பண்ணிட்டாரு. இது அநியாயம் இல்லையா?
– எம்.டெக் மாணவர், மதுரை

பதில்: இல்ல தம்பி, அநியாயம் நீ பண்ணினது. கோவிச்சுக்காதே, தெரியாமதான் பண்ணியிருக்கே.

அண்ணனோட 6 டிபி அநேகமா ஒரு நாப்பது அம்பது ஃபைலா இருக்கும். உன்னோட 140 ஜிபி, ட்ரெயினிங் படம் மட்டுமே 12,81,167 ஃபைல். கிளஸ்டர்ல பாரம்னா ஜிபி இல்லப்பா, எண்ணிக்கை. இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா உனக்கு அட்மின்கிட்டேர்ந்து ஆயுசுக்கும் மெயில் வராது.

நம்ம சமையல்கட்டுக்கே வா. அங்க உக்கிராணம்னு ஒரு ரூம் இருக்கும், சாமான் எல்லாம் அங்கதான், வாசல்ல ஒரு மாமா நோட்டோட உக்காந்திருப்பாரு. என்ன வேணும்னாலும் அவர்கிட்ட கேக்கணும், அவர் நோட்டைப் பாத்து "மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு"ன்னு சொல்லுவாரு, நீ போய் எடுத்துக்கணும். ஒரு மூட்டை அரிசி கேட்டா ஒரே கேள்வி, ஒரே பதில், அப்புறம் நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டுப் போயிடலாம். நீ என்ன பண்றே, கடுகை ஒண்ணொண்ணா கேக்கறே. "மாமா ஒரு கடுகு", "மாமா இன்னொரு கடுகு". மொத்தம் ஒரு கைப்பிடிதான் வாங்கறே, ஆனா வாசல்ல உனக்குப் பின்னாடி ஊரே க்யூவுல நிக்குது.

லஸ்டர்னு ஒரு ஃபைல் சிஸ்டம், உலகத்துல பெரிய பெரிய கிளஸ்டர் பலதுலயும் அதுதான், 1999ல கார்னெகி மெலன் யுனிவர்சிட்டில பீட்டர் பிராம்ங்கறவர் ஆரம்பிச்சது, லினக்ஸையும் கிளஸ்டரையும் ஒட்டிப்போட்டு வெச்ச பேரு. அதுல டேட்டா பல சர்வர்ல பிரிஞ்சு கிடக்கும், ஆனா எந்த ஃபைல் எங்க இருக்கு, யாரோடது, பர்மிஷன் என்னங்கறதை எல்லாம் மெட்டாடேட்டா சர்வர்னு ஒண்ணுதான் பாத்துக்கும். புது வெர்ஷன்ல ரெண்டு மூணு கூட வெப்பாங்க, இருந்தாலும் விரல்விட்டு எண்ணிடலாம். அதுதான் உக்கிராண மாமா. நீ ஒரு படத்தைத் திறக்கும்போதெல்லாம் அவர்கிட்ட போய்த்தான் ஆகணும். ஒரு தடவை கேட்டு வர ஒரு மில்லிசெகண்ட்னு வெச்சுக்கோ, 12.8 லட்சம் படத்துக்கு 21 நிமிஷம், சும்மா கதவைத் தட்டறதுக்கு மட்டும். 90 ரவுண்டு ட்ரெயின் பண்ணினா 32 மணி நேரம் தட்டிட்டே இருப்பே. இதுல நீ எட்டு வொர்க்கர், நாலு ஜாப்னு போட்டிருந்தா எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல தட்டறாங்க. அங்க யாரோ ஒருத்தி ஃபைல் லிஸ்ட் பாக்கறதுக்கு எல்எஸ் கமாண்ட் அடிச்சுட்டு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா, அவ அட்மினுக்கு போன் போட்டிருப்பா, அட்மின் உனக்கு மெயில் போட்டாரு.

என்ன பண்ணணும்னா, எல்லாப் படத்தையும் டார் போட்டு ஒரே ஃபைலா ஆக்கி ஸ்கிராட்ச்ல வை. 1979 யுனிக்ஸ்லேர்ந்து இருக்கற கமாண்ட் அது, டேப் ஆர்க்கைவ்ங்கறதோட சுருக்கம், காந்த நாடாவுல எழுதறதுக்குன்னு செஞ்சது இன்னைக்கு ஏஐ பசங்களுக்கு உதவுது பாரு. ஜாப் ஆரம்பிக்கும்போது அந்த ஒரு ஃபைலை நோடுக்குள்ளயே இருக்கற லோக்கல் எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணு, பெரும்பாலும் டெம்ப்டிர்னு ஒரு வேரியபிள்ல அந்த இடம் இருக்கும், அங்க பிரிச்சுக்கோ, அங்கேர்ந்து ஆயிரம் தடவை வேணா படி, மாமாவுக்குத் தெரியவே தெரியாது. முடிஞ்சதும் ரிசல்ட்டை மட்டும் எடுத்துட்டு வந்துடு, ஏன்னா ஜாப் முடிஞ்சதும் அந்த லோக்கல் டிஸ்க்கைத் துடைச்சுடுவாங்க, ஸ்கிரிப்டோட கடைசி வரியில காப்பி போட மறந்துட்டு ரெண்டு நாள் ரன்னை இழந்தவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன். நோடுல லோக்கல் டிஸ்க்கே இல்லைன்னா எச்டிஎஃப்5, எல்எம்டிபி மாதிரி ஒரே ஃபைலுக்குள்ள லட்சம் ஐட்டம் அடுக்கற ஃபார்மட்டுக்கு மாத்திக்கோ. ஒரு நாள் வேலை இழுக்கும், அப்புறம் எந்த மெஷினுக்கும் தூக்கிட்டுப் போகலாம்.

இதே வியாதி வேற ரூபத்துலயும் வரும். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு லாக் ஃபைல் எழுதறது, ஒரே ஃபோல்டர்ல மூணு லட்சம் ஃபைல் கொட்டறது, அப்புறம் அந்த ஃபோல்டர்ல போய் எல்எஸ் ஹைஃபன் எல் அடிக்கறது. பேரை மட்டும் கேட்டா சும்மா சொல்லிடும், சைஸ் கேட்டேன்னா லஸ்டர்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் டேட்டா இருக்கற சர்வர்கிட்டயும் போய் விசாரிக்கணும். கலர் கலரா லிஸ்ட் காட்டுதே, அந்தக் கலர் போடறதுக்குக் கூட ஒவ்வொண்ணா விசாரிக்கும். ஆயிரம் ஆயிரமா சப்-ஃபோல்டர் பிரிச்சு வை.

அந்த அண்ணன்கிட்டயும் ஒண்ணு சொல்லு. 300 ஜிபி ஃபைலை ஒரே டிஸ்க் சர்வர்ல வெச்சு நூறு ப்ராசஸ் படிச்சா அங்க இடிபடும், எல்எஃப்எஸ் செட்ஸ்ட்ரைப்னு போட்டு நாலு, எட்டு இடத்துல பிரிச்சு வெக்கலாம். ஆனா ஃபைல் எழுதறதுக்கு முன்னாடியே ஃபோல்டர்ல செட் பண்ணணும், எழுதின ஃபைல் அதுவா மாறாது, திரும்ப காப்பி பண்ணணும். சின்ன ஃபைலுக்கு இதைப் போடாதீங்க, ஒரு கடுகை எட்டாப் பிளந்து எட்டு டப்பாவுல வெச்ச கதையாயிடும்.

கேள்வி: அக்கா, ஜீனோம் டேட்டா 2 டிபி. ஹாஸ்டல் வைஃபைல எஸ்சிபின்னு காப்பி கமாண்ட் போட்டு கிளஸ்டருக்கு அனுப்பறேன், மூணு தடவை பாதியில கட் ஆயிடுச்சு, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து. லேப்டாப்பை மூடாம ராத்திரி பூரா காவல் காக்கறேன். ரூம்மேட் ஃபேனை நிறுத்தினாக்கூட பயமா இருக்கு.
– ஆராய்ச்சி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முதல்ல ஒரு பெருக்கல் போடும்மா, காவல் காக்கறது அப்புறம். ஹாஸ்டல் வைஃபை நல்ல நாள்ல செகண்டுக்கு 50 மெகாபிட்னு வெச்சுக்கலாம், அது பிட், பைட் இல்ல, எட்டால வகுத்தா செகண்டுக்கு 6.25 எம்பி. 2 டிபிக்கு கிட்டத்தட்ட 89 மணி நேரம், மூணே முக்கா நாள். எந்த ஹாஸ்டல் வைஃபை மூணே முக்கா நாள் கட் ஆகாம இருந்துச்சு? டிபார்ட்மென்ட் லேப்ல வயர் கனெக்ஷன் 1 ஜிபிபிஎஸ் இருந்தா இதே வேலை நாலரை மணி நேரம். அதனால டிஸ்க்கைத் தூக்கிட்டு லேபுக்கு நடந்து போ, அதுதான் உன் ட்ரான்ஸ்ஃபர்ல பெரிய ஸ்பீடு.

சிரிக்காதே, பெரியவங்களே அதைத்தான் பண்றாங்க. 2019 ஏப்ரல்ல கருந்துளையோட முதல் போட்டோன்னு ஒண்ணு வந்துச்சே, அதுக்கு 2017ல உலகம் பூரா எட்டு டெலஸ்கோப் சேர்ந்து எடுத்த டேட்டா சுமார் 5 பெட்டாபைட், நெட்ல அனுப்பல, ஹார்ட் டிஸ்க்கை பெட்டியில போட்டு பிளேன்ல அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுபோனாங்க. தென் துருவத்துல இருந்த டிஸ்க்குக்கு அங்க குளிர்காலம் முடிஞ்சு பிளேன் இறங்கற வரைக்கும் மாசக்கணக்கா காத்திருந்தாங்க.

எஸ்சிபி சின்ன ஃபைலுக்கு ஓகே. இவ்வளவு பெருசுக்கு ஆர்சிங்க்னு ஒரு காப்பி ப்ரோக்ராம் இருக்கு. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ்னு ஆஸ்திரேலியாக்காரங்க ரெண்டு பேர் 1996ல வெளியிட்டது, ஸ்லோ கனெக்ஷனை வெச்சுக்கிட்டு கஷ்டப்பட்டவங்க செஞ்சதுங்கறதால நம்ம கஷ்டம் அதுக்குத் தெரியும். கட் ஆனா அதே கமாண்டைத் திரும்பப் போடு, போய்ச் சேர்ந்த ஃபைலை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். பெரிய பி ஆப்ஷன் சேர்த்தா பாதியில நின்ன ஃபைலையும் தூக்கிப் போடாம வெச்சுக்கிட்டு அங்கேர்ந்து தொடரும். சின்ன இசட் போட்டா சுருக்கி அனுப்பும்தான், ஆனா உன்னோட ஜீனோம் ஃபைல், அதான் ஃபாஸ்ட்க்யூ, எல்லாம் ஏற்கனவே ஜிஸிப்ல சுருக்கினதா இருக்கும், பிழிஞ்ச துணியை மறுபடி பிழிஞ்சா கைதான் வலிக்கும்.

அனுப்பற மெஷின் லேப்ல இருந்தா அதுக்குள்ள டீமக்ஸ்னு ஒண்ணைத் திறந்து அதுக்குள்ள கமாண்டைப் போடு. உன் லேப்டாப் மூடினாலும் அங்க ஓடிட்டே இருக்கும், காலையில வந்து பாத்துக்கலாம். கிளஸ்டர் பக்கம் டேட்டா ட்ரான்ஸ்ஃபர் நோடுன்னு தனியா இருக்கான்னு அட்மின்கிட்ட கேளு, இருந்தா அங்க அனுப்பு, லாகின் நோடுல அனுப்பாதே. லாகின் நோடு மண்டபத்து வாசப்படி, நீ அதுல லாரியை நிறுத்தி மூட்டை இறக்கிட்டிருந்தா வர்றவங்க எல்லாம் எங்க போவாங்க? ரெண்டு பக்கமும் குளோபஸ் இருந்துச்சுன்னா இன்னும் நிம்மதி, சிகாகோ யுனிவர்சிட்டில நடத்தறாங்க, பிரவுசர்ல இதை அங்க அனுப்புன்னு சொல்லிட்டு தூங்கப் போகலாம், கட் ஆனா அதுவே திரும்பப் பிடிச்சு, சரியாப் போச்சான்னும் பாத்து, உனக்கு மெயில் போடும்.

இப்ப கவனமா கேளு. ஆர்சிங்க்ல ஃபோல்டர் பேருக்குக் கடைசில ஸ்லாஷ் போட்டா உள்ள இருக்கறது மட்டும் போகும், போடலைன்னா ஃபோல்டரோட சேர்ந்து போகும். ஒரே ஒரு கோடு. அதோட ஹைஃபன் ஹைஃபன் டெலீட்டும் சேர்ந்துச்சுன்னா, இந்தப் பக்கம் இல்லாததை எல்லாம் அந்தப் பக்கம் அழிச்சுடும். நான் ஒரு தடவை எங்கேர்ந்து, எங்கேக்குங்கறதை மாத்திப் போட்டு டெலீட்டையும் சேர்த்துட்டேன், அதாவது புதுசா வாங்கின காலி டிஸ்க்கைப் பாத்து நிறைஞ்சிருந்த ஃபோல்டரை "இதே மாதிரி ஆக்கு"ன்னு சொல்லிட்டேன். அதுவும் சொன்னபடி ஆக்கிடுச்சு. என்டர் தட்டின கைவிரல் இன்னும் ஞாபகம் இருக்கு. அதுலேர்ந்து சின்ன 'என்' (n) ஆப்ஷன் போடாம நான் ஆர்சிங்க் பக்கமே போறதில்ல, அது நிஜமா செய்யாம என்னென்ன செய்யப் போறேன்னு மட்டும் காட்டும், படிச்சுப் பாத்துட்டு அப்புறம் அந்த ஆப்ஷனை எடுத்துட்டு ஓட்டலாம்.

போய்ச் சேர்ந்ததும் இங்க இருக்கறதை உடனே அழிச்சுடாதே. எஸ்எச்ஏ256சம் போட்டு ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுத்து ஒரு லிஸ்ட் வெச்சுக்கோ, அந்த லிஸ்டையும் கூடவே அனுப்பு, அங்க போய் சரிபாரு. ஆர்சிங்க் ரெண்டாவது தடவை ஓடும்போது சைஸும் தேதியும் ஒண்ணா இருந்தா சரின்னு விட்டுடும், உள்ள திறந்து பாக்காது. 2 டிபிக்கு கைரேகை எடுக்க சில மணி நேரம் ஆகும், ஆகட்டும், அதை லாகின் நோடுல ஓட்டாம ஜாபா போட்டு விடு.

கேள்வி: தீபாவளி லீவு முடிஞ்சு, அப்படியே அக்கா கல்யாணத்தையும் முடிச்சிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வந்தேன். ஸ்கிராட்ச்ல என் மூணு மாச சிமுலேஷன் ரிசல்ட் எல்லாம் காணோம். "பர்ஜ் பாலிசி"ன்னு கூலா சொல்றாங்க. கேக்காம அழிக்க இவங்களுக்கு என்ன ரைட்ஸ் இருக்கு? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– கோபத்தில் ஒரு வாசகர், சென்னை

பதில்: போகலாம், ஆனா நீங்க அக்கவுன்ட் வாங்கும்போது படிக்காம டிக் போட்ட ஃபார்மை எடுத்துக் காட்டுவாங்க. வயிறு எரியுது, புரியுது, ஆனா ஸ்கிராட்ச்னா அதுதான், ரொம்ப நாள் தொடாத ஃபைலைத் துடைக்கறதுக்குப் பேருதான் பர்ஜ். நெர்ஸ்க்ல எட்டு வாரம் தொடாத ஃபைலைத் துடைச்சுடுவாங்க, டெக்சஸ்ல டாக்னு இருக்கற சென்டர்ல பத்தே நாள்தான். இப்படிக் கூட்டித் தள்ளலைன்னா மூணு மாசத்துல எல்லாம் நிரம்பி யாருக்குமே ஜாப் ஓடாது. டச் கமாண்ட் போட்டு ஃபைலோட தேதியை மட்டும் புதுசாக்கி ஏமாத்தலாம்னு சீனியருங்க சொல்லிக் குடுப்பாங்க, கேக்காதீங்க, அட்மின் கண்டுபிடிச்சா அக்கவுன்டையே மூடற இடங்களும் இருக்கு.

கோபத்துல இருக்கறவருக்கு இன்னொரு குட்டி வெடி. கடைசியா மாத்தின தேதியைப் பாத்து துடைக்கற இடங்கள்ல, டார் ஃபைலைப் பிரிச்சாலோ ஆர்சிங்க்ல ஹைஃபன் ஏ போட்டு கொண்டுவந்தாலோ பழைய தேதி அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். நேத்து கொண்டுவந்த ஃபைல், ஆனா தேதி 2021னு இருக்கும், ராத்திரி துடைக்கறவன் "ஓ பழசு"ன்னு தூக்கிடுவான். டார்ல சின்ன எம் போட்டு பிரிச்சா இன்னைக்குத் தேதி விழும்.

நீங்க கேக்காம இருந்தாலும் கியோட்டோ கதையைச் சொல்லிடறேன், ஏன்னா பாலிசி எதுவும் இல்லாமலே போகும்ங்கறதுக்கு அது சாட்சி. 2021 டிசம்பர் 14லேர்ந்து 16 வரைக்கும் கியோட்டோ யுனிவர்சிட்டி சூப்பர் கம்ப்யூட்டர்ல சுமார் 77 டிபி, 3 கோடியே 40 லட்சம் ஃபைல் அழிஞ்சு போச்சு, 14 குரூப்போடது, அதுல 4 குரூப்புக்கு திரும்ப எடுக்கவே முடியல. யாரும் ஹேக் பண்ணல. அழிச்சது எது தெரியுமா, பேக்கப் ஸ்கிரிப்ட். பத்து நாளுக்கு மேல ஆன பழைய லாக் ஃபைலை அழிக்கணும்னு அதுல ஒரு வரி. அந்த ஸ்கிரிப்ட் ஓடிட்டிருக்கும்போதே அதைத் திருத்தி புது வெர்ஷனை அதே பேர்ல மேல எழுதிட்டாங்க. ஸ்கிரிப்டை ஓட்டற பாஷ்ங்கற ப்ரோக்ராம் அதை முழுசா மனப்பாடம் பண்ணிக்கிட்டு ஓட்டாது, கொஞ்சம் கொஞ்சமா படிச்சுட்டே போகும், அதனால நடுவுலேர்ந்து புது ஸ்கிரிப்டைப் படிக்க ஆரம்பிச்சிடுச்சு, எந்த ஃபோல்டர்ங்கற வேரியபிள் மேல எங்கயோ இருந்தது செட் ஆகவே இல்ல, லாக் ஃபோல்டருக்குப் பதிலா ஜனங்க டேட்டா இருக்கற ஃபோல்டரைத் துடைச்சுட்டே போயிடுச்சு. மெஷின் சப்ளை பண்ணின கம்பெனி தன்னோட தப்புதான்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துச்சு. எழுதிக் குடுத்ததை வெச்சு அந்த 4 குரூப் என்ன பண்ணும்?

அதனால லீவுக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் பெட்டி கட்டும்போதே ரிசல்ட்டையும் கட்டுங்க. எல்லாத்தையும் இல்ல. இன்புட் ஃபைல், கோடு, கடைசி செக்பாயின்ட், பேப்பர்ல போடப்போற கிராஃபுக்கான டேட்டா. மிச்சம் 90 பர்சென்ட் திரும்ப ஓட்டினா வந்துடும், அதுக்குத்தான் மெஷின் இருக்கு.

கேள்வி: மேடம், என் குரூப்ல எட்டு பசங்க. ஒரு பையன் வேலை கிடைச்சு போயிட்டான், அவன் ஃபைலைத் திறக்கப் போனா பர்மிஷன் இல்லைங்குது. இன்னொருத்தன் "சார் நான் சரி பண்றேன்"னு தன்னோட ஹோம் ஃபோல்டர் பூராவுக்கும் பர்மிஷன் 777 போட்டான், இப்ப அவனாலயே லாகின் பண்ண முடியல.
– பேராசிரியர், சேலம்

பதில்: சார், ரெண்டாவது பையனை நினைச்சு ரொம்ப நேரம் சிரிச்சேன், மன்னிக்கணும். 777ன்னா வீட்டுக் கதவு, பீரோ, பூஜை ரூம் எல்லாத்தையும் ஊர்ல யாரு வேணா வந்து மாத்தி வெக்கலாம்னு திறந்து போட்டது. கிளஸ்டருக்குள்ள லாகின் பண்ற வழியான எஸ்எஸ்எச்சோட சாவி ஹோம் ஃபோல்டருக்குள்ளதான் இருக்கும், அந்த ஃபோல்டர்ல அடுத்தவங்க எழுத முடியும்னா "இந்த சாவியை நம்ப மாட்டேன்"னு சர்வர் நிராகரிச்சுடும். அட்மின்கிட்ட சொல்லி ஹோமுக்கு 700, புள்ளி-எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதுக்குள்ள இருக்கற ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கும் பிரைவேட் கீக்கும் 600 போடச் சொல்லுங்க, உள்ள விட்டுடும். திறந்து கிடந்த சாவியை அப்படியே வெச்சுக்காம புதுசு ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க.

குரூப் ஃபோல்டருக்கு 2770 போடுங்க. முன்னாடி இருக்கற அந்த 2தான் விஷயம், அது இருந்தா உள்ள யாரு புது ஃபைல் போட்டாலும் குரூப் பேர்லயே விழும், பசங்க சொந்தப் பேர்ல தனிச்சொத்தா ஆகாது. கூடவே எல்லாரும் யூமாஸ்க், அதாவது புது ஃபைலுக்கு எந்த பர்மிஷன் வேணாம்னு சொல்ற செட்டிங், 007 வெச்சுக்கணும், இல்லைன்னா குரூப் பேர்ல இருந்தும் எழுத முடியாம முழிப்பாங்க. போன பையன் ஃபைலை அட்மினால மட்டும்தான் மாத்தித் தர முடியும், அவன் அக்கவுன்ட் அழியறதுக்குள்ள லெட்டர் குடுங்க. இனிமே நோ-டியூஸ் சர்டிஃபிகேட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, லைப்ரரி புக்கைக் கேக்கற மாதிரி "டேட்டா எங்க இருக்கு, எது என்ன"ன்னு ஒரு பக்கம் ரீட்மீ எழுதி வாங்கிக்கங்க. கையெழுத்து வேணும்னா எழுதித்தான் குடுப்பான்.

கேள்வி: கிளஸ்டர்ல ரெய்டு இருக்கு, அப்புறம் எதுக்கு பேக்கப்?
– ஒரு வரிக் கடிதம், ஊர் பேர் இல்லை

பதில்: ரெய்டுன்னா பல டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டி வெக்கறது, அதுல ஒரு டிஸ்க் செத்தா டேட்டாவைக் காப்பாத்தும். நீங்க ஃபைலை அழிக்கற ஆர்எம் கமாண்ட் அடிச்சா எல்லா டிஸ்க்லயும் ஒரே நேரத்துல பொறுப்பா அழிக்கும். கிளஸ்டர்ல ரீசைக்கிள் பின் கிடையாது. ஹோம்ல ஸ்னாப்ஷாட் இருக்கான்னு கேட்டு வெச்சுக்கங்க, இருந்தா நேத்து இருந்த நிலைமையை எடுத்துக்கலாம், ஸ்கிராட்ச்ல அதை எதிர்பார்க்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் தமிழ் பேச்சு ரெக்கார்டிங் வெச்சு ஸ்பீச் மாடல் பண்றேன். ஃபைல் பேரெல்லாம் தமிழ்லயே வெச்சேன், ஆசையா. மேக்லேர்ந்து கிளஸ்டருக்கு அனுப்பினா சில ஃபைல் மட்டும் "இல்லை"ங்குது, ஆனா கண்ணு முன்னாடி லிஸ்ட்ல இருக்கு! 'அம்மா' திறக்குது, 'கோவில்' திறக்கல. சாமி குத்தமா?
– மொழியியல் மாணவி, புதுச்சேரி

பதில்: சாமி குத்தம் இல்லடி, யூனிகோடு. 'கோ'ங்கறதுல இருக்கற ஓகாரக் குறியை ரெண்டு விதமா எழுதலாம், ஒரே குறியா எழுதலாம், இல்ல முன்னாடி வர்ற கொம்பு ஒண்ணு, பின்னாடி வர்ற கால் ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல். மேக்கோட பழைய ஃபைல் சிஸ்டம் பேரை எல்லாம் பிரிச்சுதான் வெக்கும், நீ ஸ்கிரிப்ட்ல டைப் பண்றது சேர்ந்த ஓகாரம். 'அம்மா'வுல கால் மட்டும்தான் இருக்கு, பிரிக்க ஒண்ணும் இல்ல, அதான் திறக்குது. கொ, கோ, கௌ மாதிரி ஒகர, ஓகார, ஔகாரம் வர்ற பேரெல்லாம் மாட்டும், சோதிச்சுப் பாரு.

ஆர்சிங்க்ல ஐகான்வ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, மேக்லேர்ந்து அனுப்பும்போது யூடிஎஃப்-8-மேக் கமா யூடிஎஃப்-8ன்னு குடுத்தா போற வழியிலயே சேர்த்து எழுதிடும், மேக்குக்கு சாஃப்ட்வேர் இறக்கித் தர்ற ஹோம்ப்ரூல கிடைக்கற ஆர்சிங்க்கைப் போட்டுக்கோ, மேக்கோட வர்றதுல அது வேலை செய்யறது சந்தேகம். ஏற்கனவே போனதை பைதான்ல யூனிகோடுடேட்டா வெச்சு என்எஃப்சிக்கு, அதாவது சேர்த்து எழுதற விதத்துக்கு மாத்திடலாம், பத்து வரி கூட வராது. ஆனா ஒரே ஃபோல்டர்ல ரெண்டு 'கோவில்'னு லிஸ்ட்ல தெரிஞ்சா, மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டையும் போட்டுக் கேளு, ஒண்ணு மேல ஒண்ணு எழுதிட்டா எந்தக் கோவில் போச்சுன்னே தெரியாது.